கற்சுவரின் இருபுறமும்

வேற்று நாட்டார் படையெடுத்து வருங்கால், பகைவர் யார், நம்மவர் யார் என்பதில் ஐயம் எழுவதில்லை. மொழி வேறு, உடை வேறு, கொடி வேறு. ஒரே நாட்டு மக்கள் இரு கூறாகப் பிரிந்து பொரும்போதோ நிலைமை முற்றிலும் மாறிவிடுகிறது. எதிரே நிற்பவன் நேற்று வரை உடனிருந்து உண்டவன். ஒரே பள்ளியில் பயின்றவன். சில வேளைகளில் ஒரே தாய் வயிற்றில் பிறந்தவன். அவன்மீது படைக்கலம் ஓச்சக் கை எழுமா? எழாவிடின் ஏற்றுக்கொண்ட கடமை என்னாவது? பாரதக் கதையில் கன்னனின் நெஞ்சை வாட்டிய வினா இதுவே. உள்நாட்டுப் போர் மூண்ட நாடுகளில் எல்லாம் எத்தனையோ மனிதர் நெஞ்சில் இவ்வினா எழுந்திருக்கிறது.

போர் தொடங்கிய ஆண்டு எது, மாண்டவர் எத்துணையர் என்பவற்றை வரலாற்று நூல் தெளிவாகக் கூறும். போர்க்களத்தில் நின்றவனுடைய உள்ளத்தில் நடந்த போரைக் காட்டுவது வரலாற்று நாவல். அதனாலேயே அவ்வகை நாவல்களில் எனக்கு ஈடுபாடு மிகுதி. அவற்றுள் என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தது, அமெரிக்க எழுத்தாளர் மைக்கேல் ஷாரா எழுதிய 'தி கில்லர் ஏஞ்சல்ஸ்' என்னும் நாவலாகும். 1974ஆம் ஆண்டில் வெளிவந்த இந்நூல் மறு ஆண்டில் புலிட்சர் பரிசு பெற்றது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கெட்டிஸ்பர்க் என்னும் ஊரில் நடந்த பெரும் போரே இதன் கதை. இதில் எதிரெதிர்ப் படைகளில் நிற்கும் நண்பர் இருவர் வருகின்றனர். அவர்கள் கற்பனை மாந்தர் அல்லர், மெய்யாகவே வாழ்ந்தவர்கள்.

அந்நாட்டின் நிலையை முதலில் அறிதல் வேண்டும். 1860ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஏறத்தாழ நாற்பது இலட்சம் கறுப்பின மக்கள் அடிமைகளாக வாழ்ந்தனர். அவர்களை ஆடுமாடுகளைப் போல விலைக்கு விற்கவும் வாங்கவும் சட்டம் இடந்தந்தது. அடிமை முறை புதிய நிலப்பகுதிகளுக்குப் பரவலாகாது என்ற கொள்கையுடைய ஆபிரகாம் லிங்கன் அவ்வாண்டில் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அது பொறாத தென் மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நாட்டினின்றும் பிரிந்தன. பதினொரு மாநிலங்கள் கூடித் தனியாட்சி அமைத்தன. 1861ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் போர் மூண்டது. நான்கு ஆண்டுகள் நீடித்த அப்போரில் ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்ட போர்வீரர் மாண்டனர்.

இருபுறத்துப் படைத்தலைவர்களும் பெரும்பாலும் ஒரே போர்க்கல்லூரியில் பயின்றவர்கள். 1846 முதல் 1848 வரை மெக்சிகோவோடு நடந்த போரில் தோளோடு தோள் நின்று பொருதவர்கள். வின்பீல்டு ஹான்காக், லூயிஸ் ஆர்மிஸ்டெட் என்னும் இருவரும் அத்தகையோரே. ஹான்காக் வடபுலமாகிய பென்சில்வேனியாவில் 1824இல் பிறந்தவர். ஆர்மிஸ்டெட் அவரினும் ஏழாண்டு மூத்தவர். வர்ஜீனியாவின் பழங்குடி ஒன்றைச் சேர்ந்தவர். 1814ஆம் ஆண்டில் மக்கென்றி கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து காத்தவர் அவருடைய தந்தையாரின் உடன்பிறந்தார். அக்கோட்டையின்மேல் பறந்த கொடியைக் கண்டு எழுதப்பட்ட பாடலே பின்னாளில் அமெரிக்காவின் நாட்டுப்பண் ஆயிற்று. ஆர்மிஸ்டெட்டின் குடும்பப் பெருமையே அக்கொடியோடு பிணைந்திருந்தது எனலாம்.

போர் தொடங்கியபோது நண்பர் இருவரும் நெடுந்தொலைவில், மேற்குக் கடற்கரையை அடுத்த கலிபோர்னியாவில் பணியாற்றினர். வர்ஜீனியா பிரிந்தது என்னும் செய்தி எட்டியதும் ஆர்மிஸ்டெட் தம் பதவியைத் துறந்தார். தெற்கே செல்லவிருந்த சிலர் 1861ஆம் ஆண்டு வேனிற்காலத்தில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இருந்த ஹான்காக்கின் இல்லத்தில் விடைபெறக் கூடினர். அந்த இரவைப் பற்றி ஹான்காக்கின் துணைவியார் அல்மீரா 1887இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். விருந்தினருள் மிகவும் கலங்கி நின்றவர் ஆர்மிஸ்டெட். அவர் கண்ணீர் பெருக, நண்பரின் தோள்களில் கைவைத்து, இப்பிரிவு தமக்கு எத்தகைய துன்பம் என்பதை அவர் ஒருபோதும் அறிய இயலாது என்று கூறினாராம். பிறகு அல்மீராவிடம் ஒரு சிறு பையைக் கொடுத்து, தாம் இறந்தாலன்றி அதனைத் திறக்க வேண்டா என்று வேண்டிக்கொண்டாராம். அதனுள் இருந்த சிறு செபநூல் அல்மீராவுக்கென வைக்கப்பட்டது. அந்நூலை அவர் பல்லாண்டு போற்றி வைத்திருந்தார்.

ஈராண்டுகள் கழிந்தன. 1863 சூலை 1 முதல் 3 வரை, ஹான்காக்கின் சொந்த மாநிலமாகிய பென்சில்வேனியாவில், கெட்டிஸ்பர்க் ஊரையடுத்த வயல்களில் இரு படைகளும் மோதின. மூன்றாம் நாள் பிற்பகல், தென்படையினர் பன்னீராயிரத்துக்கும் மேற்பட்டோர் வெட்டவெளியில் ஏறத்தாழ ஒரு மைல் நடந்து, மேட்டின்மேல் நின்ற வடபடையைத் தாக்கினர். அம்மேட்டைக் காத்தவர் ஹான்காக். தாக்கியவருள் ஒரு பிரிவை நடத்தியவர் ஆர்மிஸ்டெட். அவர் தம் தொப்பியை வாளின் முனையில் மாட்டி, வீரர் கண்ணுக்குத் தெரியுமாறு உயர்த்திப் பிடித்து முன்னே நடந்தார். இடுப்பளவே உயர்ந்த ஒரு கற்சுவரைக் கடந்து உட்புகுந்தார். அங்கேயே குண்டுபட்டு வீழ்ந்தார். ஏறக்குறைய அதே வேளையில், சற்றுத் தொலைவில் ஹான்காக்கும் தொடையில் குண்டு பாய்ந்து குதிரையினின்றும் இறக்கப்பட்டார்.

வீழ்ந்த ஆர்மிஸ்டெட்டை வடபடையினர் தூக்கிச் செல்கையில், ஹான்காக்கின் கீழ்ப் பணிபுரிந்த பிங்கம் என்னும் அலுவலர் அவரைக் கண்டார். தம் நண்பரும் காயமுற்றார் என்ற செய்தியைப் பிங்கம் வாயிலாக ஆர்மிஸ்டெட் அறிந்தார். தம் உடைமைகளை அவரிடம் ஒப்படைத்து, நண்பருக்கு ஒரு செய்தியும் சொல்லியனுப்பினார். அச்செய்தியில் வருத்தம் எவ்வளவு இருந்தது என்பதைக் குறித்து இன்றளவும் வாதம் நடக்கின்றது. சூலை 5ஆம் நாள், பகைவருடைய மருத்துவக் கூடத்திலேயே அவர் உயிர் நீத்தார். நண்பர் இருவரும் ஒருவரை ஒருவர் காணவே இல்லை.

இனி, நாவலுக்கு வருவோம். விடைபெற்ற இரவில் ஆர்மிஸ்டெட் ஒரு சூளுரை கூறியதாக அல்மீராவும் எழுதுகிறார், ஷாராவும் எழுதுகிறார். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அல்மீராவின் குறிப்பில், தாம் பிறந்த மண்ணைக் கைவிட்டால் கடவுள் தம்மை மாய்க்கட்டும் என்று அவர் கூறுகிறார். நாவலிலோ, நண்பனாகிய உன்மேல் கை ஓங்கினால் கடவுள் என்னை மாய்க்கட்டும் என்று கூறுகிறார். மண்ணுக்குச் செய்த சூளுரை நண்பனுக்குச் செய்ததாக மாறிவிட்டது. இம்மாற்றத்தால், கற்சுவரை நோக்கி அவர் வைக்கும் ஒவ்வோர் அடியும் தம் சூளுரையையே மிதிக்கும் அடியாகிறது. படிப்போர் நெஞ்சு உருகுகிறது. நாவலாசிரியர்க்கு இவ்வுரிமை உண்டு. பிளவுண்ட உள்ளத்தை நாம் கண்ணாரக் காண்பதற்காக அவர் இவ்வாறு செய்தார்.

ஆயினும், நெஞ்சு உருகிய பின்னர் அறிவு ஒரு வினாவைக் கேட்கிறது. மண்ணைக் கைவிடேன் என்றாரே, அந்த மண்ணின் ஆட்சி எதற்காகப் போரிட்டது? நண்பரைப் பிரிந்த துயரம் உண்மையானது, வீரமும் உண்மையானது. அவர் நின்ற பக்கம் வென்றிருந்தால், நாற்பது இலட்சம் மக்கள் அடிமைகளாகவே இருந்திருப்பர் என்பதும் உண்மையே. பிறந்த மண் இழுத்ததால் அவருக்கு வேறு வழியில்லை என்பாரும் உளர். அதே வர்ஜீனியாவில் பிறந்த ஜார்ஜ் தாமஸ் என்னும் படைத்தலைவர் வடபடையிலேயே நின்றார். பிறந்த வீட்டார் அவருடைய உறவை அறுத்துக்கொண்டனர். வட கரோலைனாவில் வளர்ந்த ஜான் கிப்பனின் உடன்பிறந்தார் மூவர் தென்படையில் சேர்ந்தனர். கிப்பனோ அந்தக் கற்சுவரைக் காத்த படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கினார். ஆதலின் வழி ஒன்றன்று. இரண்டு வழிகள் இருந்தன. இரண்டிலும் துயரம் இருந்தது.

அந்தக் கற்சுவர் யாருடைய நிலத்தருகே சென்றது என்பதையும் நாம் அறிதல் நன்று. அம்மேட்டின் ஒரு பகுதி ஆபிரகாம் பிரையன் என்னும் கறுப்பின உழவருக்கு உரியது. அவர் அடிமையல்லர்; தம் உழைப்பால் சுமார் பன்னிரண்டு ஏக்கர் நிலத்திற்கு உரிமையாளரானவர். பென்சில்வேனியாவில் புகுந்த தென்படையினர் கறுப்பின மக்களைப் பிடித்து அடிமைகளாகத் தெற்கே அனுப்பினர். அதற்கு அஞ்சி அவ்வூர்க் கறுப்பின மக்கள் பலர் ஓடினர். பிரையனும் குடும்பத்தோடு வெளியேறினார். திரும்பி வந்தபோது வீட்டின் சுவர்கள் குண்டுகளால் துளைபட்டிருந்தன, பயிர் அழிந்திருந்தது. ஆயிரம் டாலருக்கு மேல் இழப்பீடு கேட்டார்; கிடைத்தது பதினைந்து டாலர். நண்பர் இருவரின் கதையைக் கேட்டுக் கண்ணீர் விடுவோர் பலர். பிரையனின் பெயரை அறிந்தோர் சிலரே.

1913ஆம் ஆண்டில், போரின் ஐம்பதாம் ஆண்டு நிறைவன்று, இருபுறத்து முதிய வீரர் ஐம்பதினாயிரத்திற்கும் மேற்பட்டோர் கெட்டிஸ்பர்க்கில் கூடினர். அன்று கற்சுவருக்கு அப்பாலிருந்து சுட்டவரும் இப்பாலிருந்து சுட்டவரும் அதே சுவரின்மேல் கைநீட்டிக் குலுக்கிக்கொண்டனர். 1993இல், வீழ்ந்த ஆர்மிஸ்டெட்டைப் பிங்கம் தாங்கி நிற்கும் சிலை ஒன்றும் அங்கே நிறுவப்பட்டது. பகை தணிந்தது போற்றத்தக்கதே. 1865இல் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது. ஆனால் முதியவர்கள் கை குலுக்கிய அந்த ஆண்டிலும், தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் பெரும்பாலோர்க்கு வாக்குரிமை மறுக்கப்பட்டே இருந்தது. அண்ணனும் தம்பியும் சமாதானம் ஆயினர். யாருக்காக அவ்வழக்கு எழுந்ததோ அவர்களுக்கு நீதி முழுமையாகக் கிட்டவில்லை.

எதிர்ப்பக்கம் நிற்பவனும் மனிதனே, அவனுக்கும் அழத் தெரியும் என்று நட்பு நமக்குக் கற்பிக்கிறது. அப்பாடம் இல்லாத போர் வெறும் வேட்டையாகிவிடும். ஆனால் எப்பக்கம் நிற்பது என்று முடிவு செய்யும் வேலையை நட்பிடமோ பிறந்த மண்ணிடமோ விட்டுவிடலாகாது. அது அறத்திற்கு உரிய வேலை. நண்பனை வெறுக்காமலும், நீதியைக் கைவிடாமலும் நிற்பது அரிது. அவ்வாறு நின்றவர் இழந்தவை பல. எனினும் ஒரு நாடு பிளவுபடும் காலத்தில், அதனை மீண்டும் ஒன்றாக்கத் தகுதியுடையோர் அத்தகையோரே ஆவர்.