மருமகள் பெயரில் எடுத்த டிக்கெட்

சனி, ஸ்பிளிட்

படகுக் கேபினுக்குள் நுழைந்ததும் மகன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இரண்டு கட்டிலையும் ஒட்டிப் போட்டு, மேலே துவாலையை அன்னப்பறவை ஜோடியாக மடித்து வைத்திருக்கிறார்கள். பட்டியலில் மருமகள் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டவர்கள் கட்டிலை மறந்துவிட்டார்கள். அவன் வாயைத் திறக்காமல் கட்டில்களைப் பிரித்து இழுத்தான். நான் அன்னங்களை உதறி முகம் துடைத்துக்கொண்டேன்.

"போன வருஷமே பணம் கட்டினது, திருப்பித் தர மாட்டாங்க, நீ வாம்மா" என்று ஏரலுக்குப் போன் வந்தது. பிப்ரவரியிலிருந்து பிரிந்திருக்கிறோம் என்பதையும் அதே போனில், அதே குரலில் சொன்னான். அப்புறம் விசா, இன்ஷூரன்ஸ் என்று அலைச்சல். ஏன் என்று இன்னும் கேட்கவில்லை. இந்த ஒரு வாரத்துக்குள் கேட்டுவிட வேண்டும்.

சாயங்காலம் அரண்மனை பார்த்தோம். டயோக்ளீஷியன் என்ற ரோமச் சக்கரவர்த்தி 305-இல் தானாகவே பதவியை விட்டுவிட்டு வந்து குடியிருந்த இடம். காவல் போட்டு மூடி வைத்த இடமாக இருக்கும் என்று நினைத்துப் போனால், உள்ளே குடித்தனம் நடக்கிறது. சன்னலுக்குச் சன்னல் கொடி கட்டித் துணி காய்கிறது. கிறிஸ்தவர்களைத் தேடித் தேடிக் கொன்றவன் அவன். அவனுடைய கல்லறை மண்டபமே இன்று கதீட்ரல். அதுவும் அவன் ஆட்சியில் கொல்லப்பட்ட பிஷப் ஒருவரின் பெயரில். எனக்கு ரொம்பத் திருப்தியாக இருந்தது.

ஞாயிறு, ஹ்வார்

வெயில். எங்கே திரும்பினாலும் லாவெண்டர் பை விற்கிறார்கள், வாசனையில் தலை வலிக்கிறது. மகன் போனும் கையுமாகவே இருக்கிறான்.

செவ்வாய், கோர்ச்சுலா

தென்கிழக்கிலிருந்து காற்று. இங்கே இதற்கு யூகோ என்று பேர். கடல் கருத்துப் புரள்கிறது. படகை எடுக்க மாட்டேன் என்று கேப்டன் சொல்லிவிட்டார். இந்தக் காற்று அடித்தால் மனுஷருக்குச் சிடுசிடுப்பு வரும், துப்ரோவ்னிக் தனிக் குடியரசாக இருந்த காலத்தில் யூகோ வீசும் நாளில் சபை கூடி எதையும் முடிவு செய்யாதாம். வழிகாட்டிப் பெண் சொன்னதை மகன் எனக்குத் தமிழில் சொன்னான். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். சரி, இன்றைக்குக் கேட்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஊர் சின்னது, கெட்டிக்காரத்தனமாகக் கட்டியது. மேற்குத் தெருக்கள் நேராகப் போகின்றன, கோடைக் காற்று உள்ளே வர. கிழக்குத் தெருக்களை வளைத்துவிட்டிருக்கிறார்கள், குளிர்கால வாடை மோதாமல் இருக்க. மார்க்கோ போலோ பிறந்த வீடு என்று ஒன்றைக் காட்டிக் காசு வாங்குகிறார்கள். வெனிஸ்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் 1298-இல் இந்தத் தீவுக்கு முன்னால் ஜெனோவாக்காரர்கள் வெனிஸ் கப்பல் படையை அடித்து நொறுக்கியது நிஜம். அதில்தான் அவன் பிடிபட்டான் என்று இங்கே சாதிக்கிறார்கள். அவன் காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதியிருக்கிறான், குதிரைகள் வந்து இறங்கும் என்று. பழையகாயல் எங்கள் ஏரலிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். இப்போது அங்கே கடலே விலகிப் போய்விட்டது. வழிகாட்டியிடம் இதைச் சொல்லச் சொன்னேன். அந்தப் பெண் கையைப் பிடித்துக் குலுக்கினாள். காரணமில்லாமல் பெருமையாக இருந்தது.

ராத்திரி கணவாய் மையில் கறுத்த சோறு. மகனுக்குப் பல்லெல்லாம் கறுப்பு. அதைப் போட்டோ எடுத்து யாருக்கோ அனுப்பினான். உடனே பதில் வந்தது. அவன் சிரித்தான்.

யாருக்கு?

புதன், ம்லியெட்

இந்தத் தீவில் கீரிப்பிள்ளை இருக்கிறது. நம் ஊர்க் கீரி! விரியன் தொல்லை தாங்காமல் 1910-இல் ஆஸ்திரிய அரசு இந்தியாவிலிருந்து கொண்டுவந்து விட்டதாம். பாம்பை ஒழித்துக்கட்டிய பிறகு பறவைகளையும் கோழிகளையும் பிடிக்க ஆரம்பித்து, இன்று அதுவே பெரிய தொல்லை.

"பொண்ணு பார்க்கும்போது நீ இதத்தான சொன்ன? கல்யாணம் ஆனா இவன் சரியாயிருவான்னு" என்றான் மகன், ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டே.

நான் ஏரி நடுவில் இருக்கும் மடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாம் நூற்றாண்டு மடம் என்று போட்டிருக்கிறது. நல்ல இடம். கோபம் கோபமாக வந்தது.

வெள்ளி, துப்ரோவ்னிக்

குரூஸ் துறையில் படகுகளைப் பக்கத்துப் பக்கத்தில் கட்டுகிறார்கள். கரை ஏற மூன்று படகுகளைக் கடக்க வேண்டும். அடுத்தவர் சாப்பாட்டு மேசைக்கு நடுவே சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "சாரி, சாரி" என்றபடி போனேன்.

கோட்டைச் சுவர் சுற்றளவு 1,940 மீட்டர். முட்டி ஒத்துழைக்கும் மட்டும் நடந்தேன். மேலிருந்து பார்த்தால் ஓடுகள் இரண்டு நிறத்தில் தெரிகின்றன. மங்கியவை பழையவை. பளிச்சென்று சிவந்து கிடப்பவை 1991-92 முற்றுகையில் குண்டு விழுந்த பிறகு மாற்றியவை. புதுசுதான் அதிகம்.

கீழ்வாசலுக்கு வெளியே கடலோரமாக நீளக் கட்டடங்கள். நோய்க்காலத்தில் ஆட்களைத் தனியே வைத்த இடம். 1377-லேயே இந்த ஊர் சட்டம் போட்டிருக்கிறது: கொள்ளைநோய் உள்ள நாட்டிலிருந்து வருகிறவர் நேரே ஊருக்குள் வரக் கூடாது, ம்ர்கான் தீவிலோ சவ்தாத்திலோ ஒரு மாதம் இருந்துவிட்டு வரவேண்டும்.

"எங்களுக்கு ஒரு வருஷம்" என்றான் மகன்.

"என்னய்யா சொல்லுத?"

"ஜெர்மனியில ஒரு வருஷம் பிரிஞ்சு இருந்தாத்தான் கோர்ட்ல விவாகரத்து கொடுப்பாங்க. ஒரே வீட்ல இருந்தாலும் பரவாயில்ல. தனித்தனியா சமைக்கணும், தனித்தனியா துவைக்கணும்."

"அப்ப அவ எங்க இருக்கா?"

"வீட்லதாம்மா. ஸ்டுட்கார்ட்ல வேற வீடு கிடைக்கவா செய்யுது? நான் ஹால்ல படுத்துக்கிடுதேன்."

கல் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். இதற்கா நான் ஏரலில் தெருவாசலைச் சாத்திக்கொண்டு அழுதேன்? அடுத்த கேள்வியை அவனே கேட்டு, அவனே பதிலும் சொன்னான். கம்பெனிக்குப் போன் போட்டுப் பெயரை மாற்றியது அவள்தானாம். "அத்தைக்குக் கடல்னா உயிரு, அவங்கள கூட்டிட்டுப் போ" என்றாளாம்.

ஏன் பிரிந்தீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் வழிகாட்டி குடையை ஆட்டிக் கூப்பிட்டுவிட்டாள்.

சனி, விமான நிலையம்

மத்தியானம் ஸ்டுட்கார்ட். அவள் சோறு பொங்கி வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாளாம். சேர்ந்து சாப்பிட்டால் அந்த ஒரு வருஷக் கணக்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குமா என்று கேட்டேன். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கெல்லாம் ஒன்றும் ஆகாதாம். நான் திரும்ப இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. சட்டப்படி அவர்களுக்கு எட்டு மாதம்.