மலைக் காற்றும் சங்கிலி வாளும்

மலைநாட்டிலே தென்மேற்குப் பருவக்காற்று பலமாக வீசும் ஆனி, ஆடி மாதங்களில், பாதைகளின் மீதும் லயன் கூரைகளின் மீதும் மரங்கள் சரிந்து வீழ்தல் புதிதன்று. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போது மண்சரிவுகள் எத்தனை பாதைகளை மறித்தன என்பதையும் நாம் மறக்கவில்லை. வீழ்ந்த மரத்தை அறுத்து வழி திறப்பதற்கும், தேயிலைத் தொழிற்சாலை அடுப்புக்கு விறகு சேர்ப்பதற்கும் இன்று சங்கிலி வாளே கைகொடுக்கின்றது. வேண்டிய வேளையில் அது கிளம்ப மறுத்தாலோ, கிளம்பியும் அணைந்து போனாலோ உண்டாகும் தொல்லையை மலைநாட்டார் நன்கறிவர். அத்தொல்லைக்குப் பரிகாரம் தேடும் முறைபற்றிச் சில கூற விரும்புகின்றோம்.

நுவரெலியாவுக்கு அண்மையில் நாம் வசிக்கும் பகுதிக்கு, கொழும்பிலிருந்து வந்த வாளொன்று இவ்வாறு முரண்டு பிடித்தது. கயிற்றைப் பலமுறை இழுத்த பின்னரே அது கிளம்பும். விசையை விட்டவுடன் கரும்புகை கக்கி நின்றுவிடும். பொறுமையிழந்த இளைஞர் ஒருவர், அது நில்லாதிருக்கும் பொருட்டு, ஐட்லிங் வேகத்தைக் கூட்டும் திருகாணியை நன்றாக முறுக்கிவிட்டார். வாள் நிற்கவில்லை, ஆனால் விசையைத் தொடாத போதும் சங்கிலி தானே சுழன்றது. அறுத்த மரத்தைத் தாண்டிக் கால் வைக்கையில் அது அவருடைய காற்சட்டையைக் கிழித்தது. காலுக்கு ஊறு நேராதது அவரது நற்பேறே.

அருகிலிருந்த முதிய பிட்டர், "தம்பி, முதலில் அதை நிறுத்து. என்ன நோவென்று பார்க்காமல் மருந்து கொடுக்கலாமா?" என்று கடிந்துகொண்டார். பின்னர் அவர் ஒவ்வொன்றாகச் சோதித்ததை நாம் உடனிருந்து கவனித்தோம்.

முதற்கண் அவர் பெற்றோலைப் பார்த்தார். டூ ஸ்ட்ரோக் எஞ்சினாதலின் இதற்குப் பெற்றோலுடன் எண்ணெய் கலத்தல் வேண்டும். ஐம்பதுக்கு ஒன்று எனக் கைந்நூல் விதித்திருப்பின், ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர் போதும். கலந்து ஒரு மாதம் கடந்த பெற்றோல் எஞ்சினை எளிதிற் கிளம்பவிடாதிருக்கலாம். அடுத்து, மரத்தூள் அடைத்திருந்த காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்தார். தாங்கியினுள் இருக்கும் பெற்றோல் வடிகட்டியையும், சைலன்சர் வாயிற் படியும் கரியையும் நோக்கினார். எஞ்சின் ஆறிய பின் பிளக்கைக் கழற்றினார். அது கரிபிடித்து நனைந்திருந்தது. பிளக் உலர்ந்திருப்பின் பெற்றோல் வந்து சேரவில்லை என்பது கருத்து. நனைந்திருப்பின் பெற்றோல் மிகுந்துவிட்டது, அல்லது தீப்பொறி எழவில்லை என்பது கருத்து. அதைத் துடைத்து, இடைவெளியை அரை மில்லிமீற்றராக்கி மாட்டினார். "முதல் 'டப்' சத்தம் கேட்டதும் சோக்கைத் தள்ளிவிட வேண்டும், தம்பி. விடாமல் இழுத்தால் பிளக் நனைந்து போகும்" என்றும் சொல்லிக் கொடுத்தார்.

இப்போது வாள் எளிதிற் கிளம்பியது. எனினும் புகை அடங்கவில்லை. பிட்டர் புன்னகைத்து, "இது கொழும்புக் காற்றுக்குத் திருகின வாள்" என்றார்.

வகுப்பறையில் வளியமுக்கம் பயிலும் மாணவர்கள் இதனைக் கவனித்தல் நன்று. ஹற்றன் ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரத்திலும், நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்திலும் உள்ளன. நுவரெலியாவில் வளியமுக்கம், கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கேயாகும். காற்று ஐதாகும்போது காபுரேற்றர் பெற்றோலை அதே விகிதத்திற் குறைத்துக்கொள்வதில்லை. ஆகவே கலவையிற் பெற்றோல் மிகுந்து எஞ்சின் திணறுகின்றது.

சங்கிலி எதிலும் படாதவாறு வாளை நிலத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, 'எல்' எனக் குறித்த திருகாணியை அவர் வலப்புறமாக எட்டிலொரு சுற்றுத் திருப்பினார். புகை குறைந்து ஒலி சீரானது. அதன் பின், இளைஞர் முறுக்கிய ஐட்லிங் திருகாணியைச் சங்கிலி அசையாது நிற்குமளவும் தளர்த்தினார். முழுவேகக் கலவைக்குரிய 'எச்' திருகாணியை, வேகமானியின்றித் தொடலாகாது என்று விட்டுவிட்டார். இதே வாள் மீண்டும் கொழும்புக்குச் செல்லுமாயின், 'எல்' திருகாணியைப் பழைய நிலைக்குத் திருப்புதல் அவசியம். இன்றேல் பெற்றோல் குறைந்து எஞ்சின் சூடேறிக் கெடும். தாமே கலவையைத் திருத்திக்கொள்ளும் புதிய வாள்களுக்கு இத்தொல்லை இல்லை.

வேகத்தைத் தணித்த பின்னும் சங்கிலி சுழலுமாயின், கிளச்சின் சுருள்வில் தளர்ந்திருக்கலாம். அதனைத் திருத்தும் வரை வாளை வேலைக்கு எடுத்தலாகாது. அடிக்கடி நின்றுபோகும் எஞ்சினால் நமக்கு நேரமே வீணாகும். நிற்க வேண்டிய வேளையில் நில்லாத சங்கிலியோ காலையே கொண்டுபோய்விடும்.