தண்ணீர் மொண்டவர்கள்

கல்வராயன் மலையில் மழை பெய்தால் கோமுகி ஆறு செந்நிறமாய் இறங்கி வரும். அதன் அணையை அருகில் கொண்டு, கூட்டுறவுச் சர்க்கரை ஆலையால் பெயர்பெற்ற ஊர் கச்சிராயபாளையம். அங்கு நமக்கு நேர்ந்த ஒன்றை வாசகர்களிடம் ஒப்புக்கொள்ள விரும்புகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நமது இல்லத்தின் நிலத்தடித் தொட்டியைக் கழுவ ஒருவரை அழைத்தோம். குப்பையை எருவாக்கும் இடத்தில் கூலி வேலை செய்பவர் அவர். பிளீச்சிங் பவுடரைக் கையில் கொடுத்து, "நன்றாகத் தேய்த்துவிடப்பா" என்று கூறிவிட்டு மறையுரை தயாரிக்கச் சென்றோம். சிறிது நேரத்தில் இருமல் கேட்டு ஓடிவந்தோம். இருவர் மேலிருந்து கைகொடுத்துத் தூக்க, கண்கள் சிவந்து அவர் வெளியே வந்தார். "ஒண்ணுமில்லீங்க சாமி" என்றார். நமக்கோ அன்று உணவு இறங்கவில்லை.

பிளீச்சிங் பவுடரிலிருந்து எழும் குளோரின் காற்றைவிடக் கனமானது. மூடிய தொட்டியின் அடியிலேயே தங்கும். நம் தண்ணீரைக் காக்கும் அதே பொருள் அவர் மூச்சை அடைத்தது. குழாயில் வரும் நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்க வேண்டும் என்பர். கலங்கல் நீரில் சேறே குளோரினை உண்டுவிடும். ஆகவே முதலில் நீரைத் தெளியவைத்து, பின்பு மருந்திட்டு, அரைமணி நேரமாவது காத்திருத்தல் வேண்டும். இவையெல்லாம் நாம் அறிந்தவையே. மருந்திடும் மனிதரைப் பற்றித்தான் நாம் எண்ணவில்லை.

அவரது அன்றாட வேலையும் அத்தகையதே. எருக்குவியலின் உள்ளே வெப்பம் 55 டிகிரி செல்சியசைத் தாண்டிச் சில நாட்கள் நிலைத்தால் நோய்க்கிருமிகள் மடியும். அதற்காகக் குவியலைக் கிளறிவிடுவர். அது காய்ந்திருந்தால் பூஞ்சண வித்துகள் தூசியோடு பறந்து நுரையீரலில் படியும். பூஞ்சணம் பிடித்த கரும்புச் சக்கையின் தூசியால் வரும் நோய்க்கு மருத்துவர்கள் பகாசோசிஸ் எனத் தனிப் பெயரே இட்டிருக்கிறார்கள். குவியலை ஈரமாக வைத்தால் எருவும் நன்கு மக்கும், கிளறுபவரின் நெஞ்சும் பிழைக்கும். ஆனால் நீர் மிகுந்தால் கசியும் கருஞ்சாறு கிணற்றைக் கெடுக்கும். கையுறை, காலணி, முகக்கவசம் வழங்க வேண்டுமென 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே வற்புறுத்தின. இரணஜன்னித் தடுப்பூசியும், கைகால் கழுவச் சோப்பும் நீரும் அவர்களுக்கு இன்றியமையாதவை.

கானாவூர்த் திருமணத்தை நினைக்கிறோம். இரசம் எங்கிருந்து வந்ததெனப் பந்தி மேற்பார்வையாளருக்குத் தெரியவில்லை. தண்ணீர் மொண்ட பணியாளருக்கோ தெரிந்திருந்தது. நாமும் சுவைப்பவராகவே இருந்துவிட்டோம்.

மறுமுறை தொட்டி கழுவியபோது, மூடிகளை முன்னரே திறந்து காற்றோட விட்டோம். உள்ளே தூளைக் கொட்டாமல், மேலேயே நீரில் கரைத்து, நீண்ட கைப்பிடித் துடைப்பத்தால் மேலிருந்தே தேய்க்கச் செய்தோம். வேலை முடியும்வரை நாமும் அருகிலேயே நின்றோம். மறையுரை அன்று சற்றுச் சுருங்கிற்று. யாரும் குறை கூறவில்லை.

உங்கள் வீட்டுத் தொட்டியைக் கழுவ நாளை ஒருவர் வருவாராயின், அவர் இறங்குமுன் நீங்கள் ஒருமுறை குனிந்து உள்ளே பாருங்கள்.