அம்மியும் ஊசிமுனையும்

தர்மபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கலுக்குப் போகிற சாலையில் இண்டூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அருவி பார்க்கப் போகிறவர்கள் பஸ் ஜன்னல் வழியாக அதைக் கண்டும் காணாமலும் கடந்து விடுவார்கள். நானும் பல வருஷங்களாக அப்படிக் கடந்தவன்தான். ஆசிரியர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று அங்கே வசிக்கும் நண்பர் ஒருவர், “எங்கள் ஊரில் அம்மி கொத்துகிற பெரியவர் ஒருவர் இருக்கிறார், அப்பன் உளியால் செய்கிற காரியத்தை அவர் மகள் கம்ப்யூட்டரில் செய்கிறாள், வந்து பாரும்” என்று போனில் சொன்னபோது, அது வேடிக்கைப் பேச்சா, உண்மையிலேயே விஷயம் இருக்கிறதா என்ற சந்தேகத்தோடுதான் அங்கே போய் இறங்கினேன்.

நண்பர் வீட்டுக் கொல்லையில் பெரியவர் வேலையாக இருந்தார். காலை நீட்டி உட்கார்ந்து, அம்மியைத் தமக்கு நேரே இழுத்துப் போட்டுக்கொண்டு, இடது கையில் உளியும் வலது கையில் சுத்தியுமாக அவர் கொத்திக்கொண்டு போன வேகத்தில், ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் உள்ள இடைவெளி நெல்மணி அளவுக்கு மேல் மாறவில்லை. “மிளகாய் வழுக்குதுன்னா கல்லு செத்துப் போச்சுன்னு அர்த்தங்க. ஆழமாக் கொத்தினா அரைச்சதெல்லாம் குழியிலயே தங்கிரும், மேலாகக் கொத்தினா சீக்கிரமே திரும்ப வழுக்கும்” என்றார். எவ்வளவு ஆழம் என்பதை எப்படி நிச்சயிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, கட்டை விரல் நகத்தைக் கல்லின்மேல் ஒருமுறை இழுத்துக் காட்டினாரே தவிர, வேறு விளக்கம் சொல்லவில்லை. வேலை முடிந்து எழுந்தபோது வீட்டு அம்மாளிடம், “இன்னிக்கு இதுல சமையலுக்கு அரைச்சிராதீங்க அம்மா. தவிட்டைப் போட்டு ரெண்டு தரம் அரைச்சுக் கொட்டிருங்க, முனையெல்லாம் உதிரணும்” என்று எச்சரித்து விட்டுப் போனார். அந்த எச்சரிக்கை மறுநாள் எனக்கு எவ்வளவு தூரம் பிரயோஜனப்படப் போகிறது என்பது அப்போது தெரியாது.

மறுநாள் பெரியவரையும் அழைத்துக்கொண்டு, அவர் மகள் வேலை பார்க்கிற பொறியியல் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். மகள் அங்கே சேர்ந்து எட்டு வருஷமாகியும் அந்த அறைக்குள் அவர் காலடி வைத்ததில்லை. செருப்பை வெளியே விட்டு உள்ளே நுழைந்ததும் குளிர் தாங்காமல் தோள் துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டார். வெளியே தர்மபுரி வெயில் எப்படிக் காய்ந்தாலும் உள்ளே இருபது டிகிரிக்கு மேல் போகக் கூடாதாம். உலகம் முழுவதும் நீள அளவுகளுக்கு அந்த வெப்பநிலையையே ஆதாரமாக வைத்திருக்கிறார்கள். அறையின் நடுவில் கறுத்து மின்னிய ஒரு கல்மேடை மீது, உலோகப் பரப்பின் மேடுபள்ளத்தை அளக்கும் கருவி ஒன்று இருந்தது. பெரியவர் கருவியைப் பார்க்கவில்லை. நேரே போய்க் கல்லின் மீது நகத்தை இழுத்தார். நகம் எங்கும் தட்டவில்லை. “கருங்கல்லுங்களா?” என்று அவர் கேட்ட குரலில் இருந்த வியப்பு நியாயமானதே. ஜெர்மானியத் தரவரையின்படி பூஜ்யத் தரத்தைச் சேர்ந்த இத்தகைய கல்மேடைத் தட்டுகளில் ஒரு மீட்டர் நீளத்துக்கு எட்டு மைக்ரோமீட்டருக்கு மேல் மேடுபள்ளம் இருக்கலாகாது. ஒரு தலைமயிரின் கனம் ஏறக்குறைய எழுபது மைக்ரோமீட்டர். வார்ப்பிரும்பினால் செய்து வந்த இந்தத் தட்டை இரண்டாம் உலக யுத்தத்தின் உலோகப் பஞ்சத்தில் கல்லினால் செய்யத் துணிந்தவர், அமெரிக்காவில் டேட்டன் நகரத்தில் கல்லறைக் கற்கள் செதுக்கும் பட்டறை வைத்திருந்த வாலஸ் ஹெர்மன் என்பவர். அவரும் ஒருவகைக் கல்தச்சர்தான் என்று சொன்னதும் பெரியவர் முகம் மலர்ந்தது.

அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் டிப்ளமோ படித்து உதவியாளர் வேலைக்கு வந்தபோது இந்தக் கருவி உறை போட்டு மூடிக் கிடந்ததாம். விற்றவர் ஒரு நாள் வந்து காட்டிக் கொடுத்து விட்டுப் போனதோடு சரி, தொட்டால் ஊசி ஒடிந்து விடும் என்ற பயத்தில் யாரும் தொடவில்லை. மத்தியானச் சாப்பாட்டு வேளைகளில் கையேட்டை எழுத்துக் கூட்டிப் படித்து, ஒரு வருஷத்தில் அதை வசப்படுத்திக்கொண்டாள். இப்போது பேராசிரியர்களே அவளைக் கேட்டுத்தான் ஆராய்ச்சி மாணவர்களுக்கு நாள் ஒதுக்குகிறார்கள். உத்தியோகத்தின் பெயர் மட்டும் இன்னும் உதவியாளர்தான்.

கருவியின் பிராணன் ஒரு வைர ஊசியில் இருக்கிறது. அதன் முனையின் ஆரம் இரண்டு மைக்ரோமீட்டர். அது உலோகத்தின் மீது அழுந்துகிற பாரம் ஒரு கிராமின் பதின்மூன்றில் ஒரு பங்கு. நான்கு மில்லிமீட்டர் தூரம் அது ஊர்ந்து போவதற்குள் எட்டாயிரம் இடங்களில் உயரத்தைக் குறித்துக்கொண்டு விடுகிறது. இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்து டெய்லர் ஹாப்சன் கம்பெனி 1941-ல் வெளியிட்ட டாலிசர்ஃப் என்னும் கருவியின் வம்சம் இது. முனை மழுங்கினால் பள்ளத்தின் அடியை ஊசி எட்டாது, பரப்பு உள்ளதைவிட வழவழப்பானதாகத் தோன்றும் என்பதை ஆராய்ந்து, பின்னாளில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக விளங்கிய வி. ராதாகிருஷ்ணன் 1970-ல் எழுதிய கட்டுரையை இன்றைக்கும் எடுத்துக் காட்டுகிறார்கள். உளி மழுங்கினால் நடப்பதும் அதுதானே என்று பெரியவர் தலையை ஆட்டினார்.

அதன் பிறகு திரையில் அவள் நாலைந்து கட்டங்களைத் திறந்து மூடியதும், கருவியைச் சரிபார்த்ததும் என் புத்திக்கு எட்டவில்லையாதலால், அவற்றைத் தாண்டி, எனக்கு விளங்கிய இடத்துக்கு வருகிறேன். ஒரு தண்டின் மீது ஊர்ந்து ஊசி எழுதிக் கொடுத்த கோடு எதற்கும் உதவாத ஒரு கிறுக்கலாக இருந்தது. “இண்டூர்ல இருந்து பென்னாகரத்துக்குப் போற வழியை நினைச்சுக்குங்க சார். மலைச்சரிவு ஒண்ணு இருக்குது. அதுமேல ஏறி இறங்கற காடு இருக்குது. காட்டுக்குள்ள ஏர் ஓட்டின சால் இருக்குது. எங்களுக்கு வேணுங்கறது சால் மட்டும். சரிவையும் ஏற்ற இறக்கத்தையும் சலிச்சு எடுத்துடணும்” என்றாள். காஸ் என்ற கணித மேதையின் பெயரால் வழங்கும் சல்லடை அந்த வேலையைச் செய்கிறது; சல்லடைக் கண்ணின் அகலத்துக்குக் ‘கட்-ஆஃப்’ என்று பெயர். சாதாரணமாகக் கடைந்தெடுத்த பரப்புக்கு 0.8 மில்லிமீட்டர், அதைவிட நயமானதற்கு 0.25; முரடானதற்கு 2.5. இவ்வளவும் ஆன பிறகு, சராசரிக் கோட்டிலிருந்து மேடுபள்ளங்கள் விலகியிருக்கும் தூரத்தின் சராசரியை ‘ஆர்ஏ’ என்று ஓர் எண்ணாக மென்பொருள் சொல்லி விடுகிறது. தொழிற்சாலைகளில் தண்டும் தாங்கியும் ஏற்கப்படுவதும் தள்ளப்படுவதும் பல சமயங்களில் அந்த ஒரே எண்ணைக் கொண்டுதான்.

அவள் 0.8-ஐ அழித்து 0.25 என்று மாற்றினாள். உலோகம் அசையவில்லை, ஊசி அசையவில்லை. எண் மட்டும் சட்டென்று இறங்கிற்று. “இப்ப இந்தத் தண்டு பாஸ் ஆயிடுச்சு சார். நான் பொய் சொல்லலீங்க, சல்லடையைத்தான் மாத்தினேன்” என்று சிரித்தாள். எண்ணை மட்டும் எழுதி, சல்லடையைச் சொல்லாமல் அனுப்புகிற சான்றிதழ்கள் எத்தனையோ உண்டாம். மரக்காலின் அளவைச் சொல்லாமல் பத்து மரக்கால் நெல் என்று கணக்கு எழுதுகிறவனை நாம் என்ன சொல்லி அழைப்போம்?

பெரியவர் துண்டு முடிப்பிலிருந்து அம்மிச் சில்லு ஒன்றை எடுத்து மகளிடம் நீட்டினார். அவள் கையெடுத்துக் கும்பிடாத குறையாக மறுத்து விட்டாள். உளிக்குழியின் ஆழம் இந்த ஊசியின் எல்லைக்கு அப்பாற்பட்டது, இறக்கினால் முனை போய் விடும். அப்பாவின் மனம் சுருங்காதிருக்க வேறொன்றைத் திரையில் காட்டினாள்: மோட்டார் என்ஜின் சிலிண்டரின் உட்சுவர். அங்கே குறுக்கும் நெடுக்குமாகக் கீறல் போட்டு, பிறகு கூரிய முகடுகளை மட்டும் நயமாகத் தேய்த்து எடுத்து விடுகிறார்கள். மேலே சமதளம் பிஸ்டன் வளையத்தைத் தாங்குகிறது. கீழே பள்ளம் எண்ணெயைப் பிடித்து வைக்கிறது. உச்சியிலிருந்து அடி வரை ஒவ்வொரு மட்டத்திலும் எவ்வளவு உலோகம் நிற்கிறது என்பதை ஒரே வளைகோடாக வரைந்து காட்டும் உபாயத்தை அமெரிக்காவில் அபட், ஃபயர்ஸ்டோன் என்ற இருவர் 1933-ல் வெளியிட்டார்கள். முகடு மிகுந்த பரப்பும் பள்ளம் மிகுந்த பரப்பும் ஒரே ஆர்ஏ எண்ணைக் கொடுத்து நம்மை ஏமாற்றக்கூடும். இந்த வளைகோட்டிடம் அந்த ஜாலம் பலிக்காது.

பெரியவர் அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். “முதல் நாள் தவிடு அரைச்சுக் கொட்டின அம்மி மாதிரி இருக்குது கண்ணு” என்றார்.

அந்தப் பெண் பேசவில்லை. பிறகு, “ஆமாப்பா. அதேதான்” என்றாள்.

இனி நான் சொல்லப் போவது சந்தோஷமான விஷயமல்ல. அந்த மென்பொருளைத் திறப்பதற்கு ‘டாங்கிள்’ என்று கட்டை விரல் அளவில் ஒரு சாவி இருக்கிறது. அதைக் கம்ப்யூட்டரில் செருகினால் ஒழிய ஒன்றும் திறக்காது. அறுபது பேர் படிக்கிற வகுப்புக்குச் சாவி ஒன்று, அதுவும் மேஜை அறையில் பூட்டி வைக்கப்பட்டது. இரண்டு வருஷத்துக்கு முன் அது பழுதாயிற்று. விற்ற ஏஜெண்டைக் கூப்பிட்டால், பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காததால் புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்று சொல்லி, அவளுடைய ஒரு வருஷச் சம்பளத்துக்கும் எட்டாத தொகையை எழுதி அனுப்பினார். அது வரையில் ஊசி எழுதிய கோடுகளெல்லாம் அந்த மென்பொருள் மட்டுமே படிக்கக்கூடிய கோப்புகளாக இருந்தன. ஒரு மாணவனின் இரண்டு வருஷ உழைப்பு கண்ணெதிரே இருந்தும் திறக்க முடியாமல் மாதக்கணக்கில் கிடந்தது.

மலையை உடைக்கிறவன் கூலிக்கு நிற்க, கல் கப்பல் ஏறிய லாபம் ஒப்பந்தக்காரனுக்குச் சேருகிற கதை இந்த ஜில்லாவுக்குப் புதிதல்ல. ஆனால் அந்த ஒப்பந்தக்காரன்கூட, கொத்திய கல்லைக் கொத்தினவனே பார்க்கக் கூடாது என்று சொன்னதில்லை. கருவி கல்லூரியினுடையது, உலோகம் மாணவனுடையது, உழைப்பு இந்தப் பெண்ணுடையது. அளந்து வந்த எண்களுக்கு மட்டும் இடையில் நிற்கிற ஒருவரிடம் வருஷா வருஷம் குத்தகை கட்ட வேண்டும் என்றால், அது வியாபாரமா, வேறு ஏதாவதா என்பதை நியாயம் தெரிந்தவர்கள் தீர்மானிக்கட்டும். நல்ல மென்பொருளை எழுதினவர்கள் கூலி பெறத்தான் வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. நெல்லை அரைத்துக் கொடுத்ததற்குக் கூலி கேட்கலாம். நெல்லையே ஆலையில் பூட்டி வைத்துக்கொள்ளலாகாது.

அவள் ஏஜெண்டுக்காகக் காத்திருக்கவில்லை. வேறொரு கல்லூரியில் சாவியை இரவல் வாங்கி, பழைய கோப்புகளை ஒவ்வொன்றாக வெறும் எண் வரிசையாக மாற்றி எழுதினாள். சல்லடைக் கணக்கைத் தானே செய்யும் சிறு நிரல் ஒன்றைப் பைத்தான் மொழியில் எழுதக் கற்றாள். தன் கணக்கு சரியா என்று பார்ப்பதற்கு, அமெரிக்காவின் தர அளவை நிறுவனமான நிஸ்ட் எல்லோருக்கும் பொதுவாக வைத்திருக்கும் மாதிரிக் கோடுகளைப் பயன்படுத்திக்கொண்டாள். தராசைச் சரிபார்க்க முத்திரைப் படிக்கல் இருப்பதுபோல, மென்பொருளைச் சரிபார்க்கவும் படிக்கல் உண்டு. பரப்பு முழுவதையும் படமாகப் பார்ப்பதற்கு, செக் நாட்டு அளவியல் நிறுவனத்தாரின் ஆதரவில் வளர்ந்த குவிடியான் என்ற மென்பொருளை இறக்கிக்கொண்டாள். அதற்கு விலையும் இல்லை, சாவியும் இல்லை.

ஆகவே, ஆய்வுக்கூடம் நடத்துகிறவர்களுக்கும் பட்டறை வைத்திருப்பவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். ஆர்ஏ எண்ணை எழுதும்போது கட்-ஆஃப் அளவையும், ஊசிமுனையின் ஆரத்தையும், ஊர்ந்த தூரத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள். சல்லடையில் விழுவதற்கு முந்திய கோட்டை, எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கிற வெறும் எழுத்துக் கோப்பாக அன்றைக்கே பத்திரப்படுத்துங்கள். கருவி வாங்கும் ஒப்பந்தத்தில் அதற்கு இடமில்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள். எட்டாயிரம் எண்களும் ஒரு சின்னஞ்சிறு கோப்பில் அடங்கி விடும். அந்தப் பெண் அவற்றை ஒரு பென் டிரைவில் வைத்து, தேதி வாரியாகப் பெயரிட்டு, மாணவர்கள் கேட்டபோதெல்லாம் எடுத்துக் கொடுக்கிறாள்.