கார்க் கண்ணாடி உள்ளே வேர்த்தா என்ன செய்யணும்?

உளுந்து, மாடு, மழைன்னு எழுதிக்கிட்டு இருந்தவன் இன்னைக்குக் காரைப் பத்தி எழுத வந்திருக்கேன். எனக்குக் கார் கிடையாது, ஒரு எக்ஸல் வண்டிதான். ஆனா ஐப்பசியில இருந்து தைப் பொங்கல் வரைக்கும் எங்க பனவடலிசத்திரத்துக்கு வெளியூர்ல இருந்து வர்ற கார் கொஞ்சநஞ்சம் இல்ல. மழை நாள்ல கிளம்பும்போது முன் கண்ணாடி பால் ஊத்துன மாதிரி வெளுத்துப்போகும். ஒருத்தர் கைக்குட்டையால துடைப்பார், ஒருத்தர் உள்ளங்கையால தேய்ப்பார். துடைச்ச கை எடுக்கதுக்குள்ள மறுபடியும் வெளுத்திரும்.

இது ஏன்னு எங்க களத்துல பாத்தாலே புரியும். தை மாசம் உளுந்தை அடிச்சு, சரியாக் காயாம தார்ப்பாய் போட்டு மூடி வச்சோம்னா விடியக்காலம் தார்ப்பாயோட அடிப்பக்கம் சொட்டுச் சொட்டா தண்ணி நிக்கும். மழையே பெஞ்சிருக்காது. பயறுல இருந்து கிளம்புன ஈரம், ராத்திரி குளிர்ந்துபோன தார்ப்பாய்ல பட்டுத் தண்ணியாகுது. வெதுவெதுப்பான காத்து ஈரத்தை நிறையத் தாங்கும், குளிர்ந்தா தாங்காது. ஐஸ் தண்ணிய ஊத்தி வச்ச செம்பு வெளியில வேர்க்கதும் இதே கதைதான். அந்தத் தண்ணி செம்புக்குள்ள இருந்து வரல, காத்துல இருந்து வருது.

காருக்குள்ளயும் அப்படித்தான். ஒரு மனுசன் விடுற மூச்சுலயே ஒரு நாளைக்குக் கால் லிட்டருக்கு மேல தண்ணி வெளிய போகுது. அஞ்சு பேர், நனைஞ்ச துணி, நனைஞ்ச செருப்பு, காலடியில ஒரு ஈரக்குடை. வெளிய மழை அடிச்சுக் கண்ணாடி குளிர்ந்து கிடக்கு. வேர்க்காம என்ன செய்யும்?

இது சின்ன விசயம்னு நினைக்காதீங்க. 2023 டிசம்பர் 17, ஞாயித்துக்கிழமை. தென்மாவட்டத்தையே மழை புரட்டிப்போட்ட நாள். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பெஞ்சதைப் பேப்பர்ல படிச்சிருப்பீங்க. எங்க பக்கமும் விடாம அடிச்சது. பிரசவத்துக்கு வந்திருந்த என் மகளுக்கு அன்னைக்கு ராத்திரி வலி எடுத்திருச்சு. சென்னையில இருந்து வந்திருந்த அக்கா மகன் கார் வாசல்ல நின்னுச்சு. எங்க தெருவுல ஒரு அண்ணாச்சி இருக்காரு, முப்பது வருசம் லாரி ஓட்டுனவரு. "ரோடு எப்படிக் கிடக்கோ, நானும் வாரேன்"னு முன்னால ஏறி உக்காந்துட்டாரு. நான், வீட்டம்மா, மகள் பின்னால. சங்கரன்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிட்டோம்.

மகளுக்கு நடுக்கம். "அப்பா, குளிருதுப்பா"ன்னா. மருமகன் உடனே ஏசியை அணைச்சான், காத்து மட்டும் ஓடிக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு நிமிசம் இருக்கும், முன் கண்ணாடி பூராவும் வெளுத்துப்போச்சு. எதுக்க ஒரு லாரி வருது, அதோட லைட்டு கண்ணாடி முழுக்கப் பரவிருச்சு. ரோடு எது, ஓரம் எது, ஒண்ணும் தெரியல. "மாமா, ஒண்ணுமே தெரியல"ன்னு மருமகன் கையால தேய்க்கான். பின்னால மகள் என் கையைப் பிடிச்சிருக்கா, அந்தப் பிடி இறுகுது.

அண்ணாச்சி சத்தம் போடல. "தம்பி, இண்டிகேட்டரப் போட்டு மெதுவா ஓரங்கட்டு. ஏசியைத் திரும்பப் போடு. உள்காத்தே சுத்துத பட்டனை அணைச்சு வெளிக்காத்தை விடு. காத்தைக் கண்ணாடிக்குத் திருப்பு. குளிருதுன்னா திருகைச் சிவப்புப் பக்கம் திருப்பிக்கோ"ன்னாரு. ஒரு நிமிசம் ஆகியிருக்காது. கீழ இருந்து மேல திரை விலகுத மாதிரி கண்ணாடி தெளிஞ்சது. பேத்தி மறுநாள் காலையில பொறந்தா.

பிறகு அண்ணாச்சிகிட்ட உக்காந்து விவரம் கேட்டேன். ஏசின்னா குளிருக்கு மட்டும்னு நாம நினைக்கோம். அதுக்குள்ள இருக்க குளிர்ந்த கம்பிச்சுருள்ல காத்துல உள்ள ஈரம் தண்ணியாகி, வண்டிக்கு அடியில சொட்டிரும். காருக்குள்ள வர்றது காய்ஞ்ச காத்து. சிவப்புப் பக்கம் திருப்புனா அந்தக் காய்ஞ்ச காத்தே சூடாகி வரும், புள்ளைக்கும் குளிராது. ஏசியை மட்டும் அணைச்சிட்டுக் காத்தை ஓடவிட்டா, சுருள்ல நிக்கிற தண்ணி பூராவும் ஈரக்காத்தாத் திரும்ப உள்ள வருது. அன்னைக்கு அவ்வளவு வேகமா வெளுத்ததுக்குக் காரணம் அதுதான்.

குட்டியானை மாதிரி ஏசி இல்லாத வண்டின்னா ரெண்டு பக்கக் கண்ணாடியையும் ரெண்டு விரக்கடை இறக்கிவிடணும். சாரல் கொஞ்சம் அடிச்சாலும் பரவாயில்ல, ரோடு தெரியணும்.

இன்னொண்ணு. சில நாள் வெளிப்பக்கமும் வெளுக்கும். ஏசியைக் கடுங்குளிர்ல வச்சுக் கண்ணாடி சில்லுனு ஆகிட்டா, வெளிய உள்ள ஈரக்காத்து அதுல படியும். விரலால உள்ள ஒரு கோடு போட்டுப் பாருங்க. கோடு விழலைன்னா வெளிப்பக்கம்தான். வைப்பரைப் போட்டுட்டு ஏசிக் குளிரைக் குறைச்சாப் போதும்.

வராமத் தடுக்கதுக்கும் வழி இருக்கு. கண்ணாடியோட உள்பக்கத்தைச் சுத்தமா வைங்க. எண்ணெய்க்கை, அழுக்குப் படிஞ்ச கண்ணாடியிலதான் புகை மாதிரி சீக்கிரம் அப்பும். பழைய வேட்டித்துணி போதும், முதல்ல ஈரத்துணி, பிறகு காய்ஞ்ச துணி. கால் மிதியைத் தூக்கிப் பாருங்க, அடியில ஈரம் இருந்தா வெயில்ல போடுங்க. மழையே இல்லாம அங்க தண்ணி சொட்டுனா ஏசித் தண்ணி போற குழாய் அடைச்சிருக்கலாம், மெக்கானிக்கிட்ட காட்டணும். கண்ணாடியில பிசுபிசுப்பும் தித்திப்பு வாசனையும் வந்தா ஹீட்டர்ல இருந்து கூலண்ட் ஒழுகுதுன்னு அர்த்தம், அதைத் தள்ளிப்போடக் கூடாது.

ராத்திரி நிறுத்தும்போது ஒரு துணிப்பையில தூத்துக்குடிக் கல்லுப்பு கட்டி, தட்டுல வச்சு உள்ள வைக்கலாம். மழைக்காலத்துல உப்பு நீர்த்துப்போகுதுல்லா? அந்த ஈரம் காத்துல இருந்து இழுத்ததுதான். தட்டு முக்கியம், உப்புத்தண்ணி வழிஞ்சா இரும்பு துருப்பிடிக்கும். காலையில எடுத்திருங்க. ஓடுற வண்டிக்கு உப்பு பத்தாது, ஏசிதான். வைப்பர் கெட்டுப்போனா லாரிக்காரங்க கண்ணாடியில புகையிலை தேய்ப்பாங்களே, அது வெளிப்பக்கம் மழைத்தண்ணி வழுக்கிப் போறதுக்கு. உள்வேர்வைக்கு அதை நம்பாதீங்க.

கடைசியா ஒண்ணு. ஊருக்கு வந்துட்டுப் போகும்போது நாங்க பாசத்துல அப்பப் பறிச்ச கீரை, வாழை இலை, மண்ணு ஒட்டுன கிழங்குன்னு பின்னால அடுக்கி விட்டிருவோம். அதுவும் வழியெல்லாம் மூச்சு விட்டுக்கிட்டேதான் வரும். தண்ணிய நல்லா உதறி, சாக்குல கட்டி, டிக்கியில வச்சு மூடிட்டுப் போங்க. ராத்திரிப் பயணம்னா எங்ககிட்டச் சொல்லுங்க, காய்ஞ்ச உளுந்தா அள்ளித் தாரோம்.