ரெக்ஸின் சீட்டுக்கும் வைத்தியம் உண்டு

சோபா, சாப்பாட்டு மேஜை நாற்காலி, ஸ்கூட்டர் சீட், ஆட்டோ சீட், கைக்குழந்தைக்கு விரிக்கிற ஷீட் என்று ஏதாவது ஒரு ரூபத்தில் ரெக்ஸின் இல்லாத வீடு இன்று அபூர்வம். பட்டுப்புடவைக்கும் பித்தளைப் பாத்திரத்துக்கும் நாம் எத்தனையோ குறிப்பு சொல்லிக்கொள்கிறோம். ரெக்ஸினை மட்டும் ஈரத்துணியால் ஒரு துடைப்பு துடைத்துவிட்டு மறந்துவிடுகிறோம். சகோதரிகளே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான் பாடம் படித்தது சோபாவில் இல்லை, கடலில் ஓடுகிற லாஞ்சின் சீட்டில். உப்புக் கடலுக்குத் தாங்கும் பக்குவம் நம் வீட்டுக் கூடத்துக்குத் தாராளமாகப் போதும், இல்லையா?

எங்கள் ஊர் தூத்துக்குடி. என் வீட்டுக்காரர் லாஞ்சு டிரைவர். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் பாய்ச்சி நிற்கிற கப்பல்களுக்கு ஆட்களையும், காய்கறி சாமான்களையும் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிற வேலை. சில நாள் இரண்டு நடை, சில நாள் ஐந்து நடை. உட்கார்ந்தே பார்க்கிற வேலைதானே, சுகமான வேலை என்று சொல்பவர்கள் ஆனி, ஆடி மாதக் கச்சான் காற்றில் ஒரு நடை போய்வர வேண்டும். அலை எகிறி அடித்து, ஆள் இடுப்பு வரை நனைந்துதான் கரையேறுவார்.

2022-ஆம் வருஷம் ஆடி மாதம் அவருக்குத் தொடையின் பின்பக்கம் சின்னச் சின்னதாகக் கொப்புளம் கண்டது. சூட்டுக் கொப்புளம் என்று மஞ்சள் அரைத்துப் போட்டோம். ஆறுவது போல ஆறும், மறுபடி வரும். அவருக்கு ஆறு வருஷமாகச் சர்க்கரை வேறு. சர்க்கரை உள்ளவர்களுக்குப் புண் என்றால் சும்மா விடுகிற காரியமா? டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். பார்த்துவிட்டு, "என்ன வேலை?" என்று கேட்டார். சொன்னோம். "உப்புத்தண்ணியில ஊறின துணியோட மணிக்கணக்கா உட்கார்ந்தா தோல் உரசி உரசி இப்படித்தான் வரும். மருந்து நான் தர்றேன். உட்காருற இடத்தை யாரு மாத்துறது?" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்: "அந்தச் சீட்டு எப்படி இருக்கு?" அவர் சிரித்தார். "எப்படி இருந்தா என்ன? அதுல உட்கார்ந்தா தண்ணி ஊறும். சாக்கை மடிச்சுப் போட்டு உட்காருவேன்."

முதலாளியிடம் கேட்டதற்கு "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று பதில் வந்தது. அடுத்த வருஷம் வரை புண் காத்திருக்குமா? "நாலு திருகாணிதானே, கழற்றி வீட்டுக்குக் கொண்டு வாங்க" என்றேன். கொண்டுவந்தார். வெள்ளை ரெக்ஸின் பழுப்பேறி, வறண்ட குளத்து மண் மாதிரி வெடித்திருந்தது. கையால் அழுத்தினால் வெடிப்பு வழியே தண்ணீர் கொப்பளித்தது. நக்கிப் பார்த்தால் சுத்த உப்பு.

எங்கள் தெருமுனைக் குஷன் கடைத் தம்பியிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவன் ஓரத்தைப் பிரித்துக் காட்டினான். உள்ளே ஸ்பாஞ்ச் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். அடிப்பலகை ஊறி உப்பியிருந்தது. அடித்த பின்னெல்லாம் துரு. "அக்கா, மேல தெரியுறது வெடிப்பு. வியாதி உள்ள இருக்கு" என்றான். ரெக்ஸின் என்றால் என்ன, எதனால் வெடிக்கிறது என்று அவனும், பத்தாம் வகுப்பு அறிவியலை மறக்காத என் மகளும் சொல்லித்தான் எனக்கு விளங்கியது.

ரெக்ஸின் என்பது முதலில் இங்கிலாந்தில் ஒரு கம்பெனி வைத்த பெயர். நம் ஊரில் அதுவே பொருளின் பெயராகிவிட்டது. இப்போது வருவது துணியின் மேல் பி.வி.சி. பூசியது. இந்த பி.வி.சி.க்கும் எங்கள் பக்கத்துக்கும் உறவு உண்டு. உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் காஸ்டிக் சோடாவும் குளோரினும் பிரியும். அந்தக் குளோரினிலிருந்துதான் பி.வி.சி. செய்கிறார்கள். அதன் எடையில் நூற்றுக்கு 57 பங்கு குளோரின்தானாம். எங்கள் மாவட்டத்தில் ஆறுமுகநேரி பக்கம் சாகுபுரம் டி.சி.டபிள்யூ. ஆலையில் காஸ்டிக் சோடாவும் பி.வி.சி.யும் தயாராகின்றன. உப்பிலிருந்து பிறந்த பொருள், உப்புக் கடலிலேயே வந்து கஷ்டப்படுகிறது, பாருங்கள்!

பி.வி.சி. இயற்கையில் குழாய் மாதிரி விறைப்பானது. அதை மெத்தென்று ஆக்க எண்ணெய் போன்ற ஒரு பொருளைக் கலக்கிறார்கள். அது இருக்கிற வரைதான் ரெக்ஸின் வளையும். வெயில், சூடு, பெட்ரோல், தின்னர் எல்லாம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றிவிடும். அப்புறம் விறைத்து வெடிக்கும். உப்பு நேரே ரெக்ஸினைத் தின்பதில்லை. காய்ந்த உப்பு மணல் மாதிரி உரசும். காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். தையல் வழியே உள்ளே போய் பின்னைத் துருப்பிடிக்க வைக்கும். ஈரம் தங்கிய இடத்தில் பூஞ்சணம் குடியேறும்.

அந்தச் சீட்டைப் புதிதாகத்தான் தைத்தோம். செலவு எங்களுடையது. தம்பி சொன்ன யோசனைகளை உங்களுக்கும் சொல்கிறேன். தைக்கப் பருத்தி நூல் வேண்டாம், பாலியெஸ்டர் நூல் வேண்டும். பின் துருப்பிடிக்காத எவர்சில்வர் பின்னாக இருக்க வேண்டும். அடிப்பலகையில் தண்ணீர் வடிய நாலைந்து துளை போட வேண்டும். தண்ணீர் குடிக்காத கெட்டி ஃபோம் கிடைத்தால் நல்லது. விலை கூடத்தான், ஆனால் இரண்டு முறை தைக்கிற கூலி மிச்சம்.

அதற்கப்புறம் பராமரிப்பு என் பொறுப்பு. நான் செய்கிற முறை இதுதான்.

தினமும் வேலை முடிந்ததும் ஒரு செம்பு நல்ல தண்ணீரை ஊற்றித் துடைத்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். உப்பு காய்வதற்கு முன்னால் கழுவ வேண்டும், அதுதான் ரகசியம். எங்கள் ஊரில் பல தெருக்களில் போர் தண்ணீரே உப்புக் கரிக்கும். அதில் கழுவினால் பழைய உப்பு போய்ப் புது உப்பு ஏறும். கடைசி அலசலுக்காவது குழாயில் வருகிற தாமிரபரணித் தண்ணீர் வேண்டும். மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் இன்னும் விசேஷம்.

மாதம் இரண்டு முறை சீட்டு வீட்டுக்கு வரும். துறைமுகத்தில் நிலக்கரி இறங்குவதால் கரித்தூள் படிந்திருக்கும். எடுத்தவுடன் ஈரத்துணி போட்டால் மை மாதிரி இழுகிவிடும். முதலில் உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீர் அரை வாளியில், பாத்திரம் கழுவுகிற திரவ சோப் ஒரு ஸ்பூன் கலந்து, பழைய வேட்டித் துணியால் துடைக்க வேண்டும். தையல் ஓரத்துக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். தேங்காய் நாரும் இரும்பு நாரும் கூடவே கூடாது. கீறல் விழுந்தால் அழுக்கு அங்கேதான் போய் உட்காரும். சோப் போக இரண்டு முறை துடைத்து, நிழலில், காற்றோட்டத்தில் நிமிர்த்தி வைத்து உலர்த்த வேண்டும். படுக்க வைத்தால் தண்ணீர் தையலில் தங்கும்.

பூஞ்சணப் புள்ளி வந்தால் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமபங்கு கலந்து தடவி, கால் மணி நேரம் விட்டுத் தேய்த்து அலசுவேன். மூக்கில் துணி கட்டிக்கொண்டு மொட்டை மாடியில்தான் செய்வேன். இழுப்பு உள்ளவர்கள் இந்த வேலைக்கு வரவேண்டாம். சில சமயம் ரோஸ் நிறத்தில் கறை படியும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ரெக்ஸினுக்கு அடியில் வளர்கிற நுண்ணுயிரின் சாயம் மேலே ஊறி வருவது அது. அதற்காக ரெக்ஸினைத் தேய்த்துத் தேய்த்து நாசமாக்காமல், உள்ளே பிரித்துப் பார்ப்பதுதான் வைத்தியம்.

ஒன்றைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிளீச்சிங் பவுடரோடு வினிகரையோ, கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டையோ சேர்க்கவே சேர்க்காதீர்கள். பக்கத்து லாஞ்சில் வேலைக்கு இருந்த பையன் ஒருவன், கறை சீக்கிரம் போகட்டும் என்று இரண்டையும் கலந்து, கதவடைத்த சின்ன கேபினுக்குள் உட்கார்ந்து தேய்த்திருக்கிறான். ஐந்து நிமிஷத்தில் கண் எரிந்து, மூச்சு அடைத்து, இருமிக்கொண்டே வெளியே வந்து விழுந்தான். ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி வைத்திருந்தார்கள். வந்தது குளோரின் வாயு. ரெக்ஸினுக்குள் பூட்டிக் கிடக்கிற வரை அது சாது. வாயுவாகக் கிளம்பினால் எமன். நம் குளியலறையும் அந்த கேபின் அளவுதானே இருக்கிறது? பிளீச்சிங்கைத் தனியாகப் போட்டாலும் தையல் நூல் இற்றுப்போகும், ஆகவே ரெக்ஸினுக்கு அது வேண்டவே வேண்டாம். கிழிந்த ரெக்ஸினைத் தெருவில் கொளுத்துகிறார்களே, அதுவும் கெடுதல். அந்தப் புகையிலும் ஆசிட் உண்டு.

மெருகு போடுவதைப் பற்றி: என் அத்தை, "ஏளா, தோல் மாதிரிதானே இருக்கு, தேங்காண்ணெய் தடவு" என்றார்கள். தோலாக இருந்தால் எண்ணெய் குடிக்கும். ரெக்ஸின் குடிக்காது. மேலேயே பிசுபிசுவென்று நின்று, தூசியைப் பிடித்து, சிக்கு நாற்றம் அடிக்கும். பளபளப்பு எண்ணெய் வகைகள் சீட்டை வழுக்க வைக்கும். அலையில் லாஞ்சு சாய்கிறபோது டிரைவர் வழுக்கினால் என்ன ஆவது? வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கிற, தண்ணீரில் கரைத்த பாதுகாப்புத் திரவம் என்று கேட்டு வாங்குங்கள். சுத்தமாகக் காய்ந்த பிறகு மெல்லியதாகத் தடவித் துணியால் துடைத்தால் போதும். மாதம் ஒரு முறை. அது வாங்க முடியாதவர்களுக்கு அதைவிட நல்லது ஒன்று உண்டு: நிழல். வெள்ளைக் கெட்டித் துணியில் ஓர் உறை தைத்து, வேலை இல்லாத நேரம் போர்த்தி வையுங்கள். பிளாஸ்டிக் தாள் போர்த்தினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

என் அத்தைக்கு இதெல்லாம் வேடிக்கை. எங்கள் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். அப்போது அவர்களுக்குப் பத்து, பதினோரு வயது. "அன்னைக்குத் தோணியில வெறும் பலகைதான். யாரு சீட்டைக் கண்டா?" என்பார்கள். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே, "அப்பா ராத்திரி வந்தா குப்புறத்தான் படுப்பாரு" என்றும் சொன்னார்கள். அன்றைக்கும் புண் இருந்திருக்கிறது, கேட்பாரில்லை.

2023 டிசம்பர் வெள்ளம் யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஏரலில் என் மதினி வீட்டுக்குள் ஆற்றுத் தண்ணீர் புகுந்து ரெக்ஸின் சோபா மூழ்கிவிட்டது. வெளியே கழுவிக் காயவைத்ததும் புதுசு மாதிரி இருந்தது. "உள்ளே பிரிங்க மதினி" என்று நான் பிடிவாதம் பிடித்தேன். பிரித்தால் சேறும் நாற்றமும். சாக்கடை கலந்த தண்ணீர் குடித்த ஸ்பாஞ்சைக் காப்பாற்ற முடியாது. அதைத் தூர எறிந்து, ரெக்ஸினை மட்டும் கழுவி, புது ஃபோம் வைத்துத் தைத்தோம். இழுப்புள்ள பேரப்பிள்ளை புரளுகிற சோபா அது.

என் வீட்டுக்காரரின் புண் ஆற இரண்டு மாதம் பிடித்தது. டாக்டர் மருந்தும், சர்க்கரைக்குக் கட்டுப்பாடும், கரையேறியதும் நல்ல தண்ணீரில் கழுவி மாற்ற ஓர் உலர்ந்த கைலியும், ஊறாத சீட்டும் சேர்ந்துதான் ஆற்றின. அப்புறம் வரவில்லை. அந்தச் சீட்டு இன்றும் உழைக்கிறது. முதலாளியே பார்த்துவிட்டு மற்ற சீட்டுகளையும் கழுவக் கொடுத்து, அதற்குக் கூலியும் தருகிறார்.

சகோதரிகளே, ஆட்டோவோ, லாரியோ, தையல் மெஷின் முன் போட்ட ஸ்டூலோ, உங்கள் வீட்டில் சம்பாதிப்பவர் எதில் உட்கார்ந்து சம்பாதிக்கிறார் என்று ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். வலிக்கிறது என்று அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். சாக்கை மடித்துப் போட்டுச் சமாளிப்பார்கள். ஒரு செம்பு நல்ல தண்ணீரும், ஒரு பழைய துணியும், நாமும் இருந்தால் போதும்.