மடியும் இருக்கைப் பட்டையும்

மழலையர்க்கு மடியினும் சிறந்த காவல் இல்லையென்றே யாம் நெடுங்காலம் நம்பியிருந்தோம். வலையபட்டியிலிருந்து காரைக்குடிக்குச் சென்ற ஒரு மாலையில் அந்நம்பிக்கை தகர்ந்தது.

நான்கு வயதுப் பெயர்த்தியை மடியில் இருத்திக் காரின் முன்னிருக்கையில் அமர்ந்திருந்தோம். சாலையின் குறுக்கே ஆடொன்று பாய, மகன் வண்டியைச் சட்டென நிறுத்தினான். இறுக அணைத்திருந்த எம் கைகளை மீறி, குழந்தை டேஷ்போர்டில் மோதினாள். உதடு கிழிந்து குருதி வழிந்தது. பெருந்தீங்கு நேராதது இறையருளே.

தையலிட்ட மருத்துவர், "குழந்தை எங்கே உட்கார்ந்திருந்தது?" என்று வினவினார். "மடியில்தான்" என்றோம், ஏதோ நற்செயல் புரிந்தவர்போல். அவர் கடிந்துகொள்ளவில்லை.

"ஐயா, 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி எதிலேனும் மோதி நின்றால், அது 6 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பு. மொட்டைமாடியிலிருந்து விழும் பிள்ளையை எந்தக் கை தாங்கும்?" என்றார். பின்னர்க் குழந்தையிடம் குனிந்து, "இனிமேல் வண்டி கிளம்புமுன் எல்லாரும் பெல்ட் போட்டாச்சான்னு நீதான் பார்க்கணும், சரியா?" என்றார். அவளும் தலையசைத்தாள்.

மடியின்மீது கொண்ட இந்நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், குழந்தை மருத்துவர் இராபர்ட் சாண்டர்ஸின் அரும்பாட்டால், சிறு குழந்தைகளைக் காரில் பாதுகாப்பு இருக்கையில் அமர்த்தவேண்டும் என்னும் சட்டம் 1978இல் நடைமுறைக்கு வந்தது. அந்நாட்டில் அதுவே முதலாவது. ஆயினும், மடியில் வைத்துக்கொள்ளலாம் என்னும் விலக்கு அதனுள் நுழைந்துவிட்டது. அவ்விலக்கு 1981இல்தான் நீங்கிற்று.

நம் நாட்டில் 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை இருக்கைப் பட்டையோ குழந்தைகளுக்குரிய பாதுகாப்பு இருக்கையோ இன்றி ஏற்றிச் செல்வோர்க்கு 1,000 ரூபாய் தண்டம் விதிக்கின்றது. தண்டம் அச்சத்தைத் தரலாம். பழக்கம் இளமையில்தான் வேரூன்றும். கோவையில் எலும்பு மருத்துவர் எஸ். இராஜசேகரன் முன்னின்று நடத்தும் 'உயிர்' அமைப்பு பள்ளி மாணவரை நாடிச் செல்வதும் அதனாலன்றோ?

இன்று எம் பெயர்த்தி பின்னிருக்கையில், தனக்கென வாங்கிய சிற்றிருக்கையில் அமர்கின்றாள். "தாத்தா, பெல்ட்!" என்று அவள் ஆணையிட்ட பின்னரே வண்டி நகர்கின்றது. 'பக்கத்து ஊர்தானே' என்று முன்பு தட்டிக்கழித்த யாம், இப்போது வாய்திறவாமல் பட்டையை மாட்டிக்கொள்கின்றோம். அவள் உதட்டில் எஞ்சிய சிறு தழும்பு, எம்மை மறக்க விடுவதில்லை. அன்பர்களே, மடி வீட்டில் கொஞ்சுவதற்கு இருக்கட்டும். காரில் பிள்ளைகளுக்கு அவரவர் இருக்கையே காவல்.